சொத்துப் பட்டியலில் மனிதர்

வந்தவாசியை அடுத்த தெள்ளார், பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பெற்ற வெற்றியால் தமிழிலக்கியத்தில் இடம்பெற்ற ஊர். ஆரணிப் பட்டுக்குத் தறியோட்டும் வீடுகள் அங்கே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பட்டு வணிகம் செய்து மறைந்த ஒருவரின் சொத்தை ஷரீஅத் முறைப்படி பங்கிட்டுத் தருமாறு அவ்வூருக்கு நம்மை அழைத்திருந்தனர். வீடு, நஞ்சை, கடை இருப்பு என்று வரிசையாக எழுதிவந்தோம். நெசவாளர்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கேட்டைத் திறந்தபோது வாரிசுகளில் இளையவர் சொன்னார்: "ஹஜ்ரத், அந்த மூன்றாவது பெயர் என் பங்கில் வரட்டும். நல்ல கைக்காரர்."

கூடியிருந்த எவருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. நமக்கோ எழுதுகோல் நின்றுவிட்டது. நாம் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கும் ‘ஸிராஜிய்யா’வின் ஓர் இடம் நினைவுக்கு வந்தது. வாரிசுரிமைக்குத் தடைகளாக அந்நூல் நான்கைக் கூறும். கொலை, சமய வேறுபாடு, நாட்டு வேறுபாடு ஆகியவை பின்னர் வருபவை. முதலாவது, அடிமைத்தனம். ‘இது இன்று வழக்கில் இல்லை’ என்று ஒரே வாக்கியத்தில் இந்த முதல் தடையைப் பல்லாண்டுகளாகக் கடந்து வந்திருக்கிறோம். அடிமை, வாரிசுகளின் வரிசையில் இல்லை. இறந்தவர் விட்டுச்சென்ற ‘தரிக்கா’வில் இருந்தான். இதை நின்று விளக்கியதில்லை.

தமிழ் நிலத்துக்கும் இது அந்நியமன்று. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாற்றைப் பெரியபுராணம் சொல்லும்போது, திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓர் ஆளோலை காட்டப்படுகிறது. பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை பேரனையும் கட்டும் என்பது வழக்கு. பக்திக் கதைதான், ஆயினும் அவ்வாறான ஓலை கேட்போர்க்குப் பழக்கமானதாக இருந்திராவிட்டால் அக்கதை நின்றிராது.

அடிமைகளின் பங்கீடு சட்டமாகவே எழுதப்பட்டதை யாழ்ப்பாணத்தில் காண்கிறோம். 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, அடிப்படையில் ஒரு வாரிசுரிமை நூல். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுக்கும் அதே நூலில் அடிமைகளுக்கும் ஒரு பகுதி உண்டு. கோவியர், சாண்டார், நளவர், பள்ளர் ஆகியோர் அடிமைகளாக அதில் இடம்பெறுகின்றனர். நிலத்தோடும் நகையோடும் சீதனமாகச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு. ஓர் எசமானின் அடிமை மற்றோர் எசமானின் அடிமைப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கே உரியர்.

ஆங்கிலேயர் 1806இல் தேசவழமையை அப்படியே சட்டமாக ஏற்றனர். பின்னர் அவர்களே அதன் வேரில் கை வைத்தனர். 1821இல், பிறக்கும் அடிமைப் பெண்குழந்தைகளின் விடுதலையை எசமானர்களிடமிருந்து அரசு சிறு தொகைக்கு வாங்கத் தொடங்கியது. ஆண் குழந்தைகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. காரணம் எளிது: தாய்வழியே இறங்கும் அடிமைத்தனம், மகள் விடுதலையானால் அவள் வயிற்றோடு முடிந்துபோகும். இலங்கையில் முழு ஒழிப்பு 1844இல் வந்தது.

இதே தாய்வழி விதியை அமெரிக்காவின் வர்ஜீனியா 1662இலேயே சட்டமாக்கியிருந்தது. அங்கு ஒரு பண்ணை முதலாளி இறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு முதல் குடியரசுத் தலைவரின் வீடே சாட்சி. மார்த்தாவின் முதற்கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757இல் மரணசாசனமின்றி இறந்தார். அடிமைகள் உட்பட மூன்றிலொரு பங்கு விதவைக்குக் கிடைத்தது. ஆனால் ஆயுட்கால அனுபவம் மட்டுமே. (நம் ஃபராயிளில் பிள்ளைகளுள்ள விதவைக்கு எட்டிலொன்றுதான், ஆயினும் அது முழு உடைமை.) அவரை மணந்த ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் இறக்கும்போது தமக்குரிய 123 பேரை விடுவிக்கும்படி எழுதிவைத்தார். கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்த 153 பேரை விடுவிக்க அவருக்கும் உரிமையில்லை, மார்த்தாவுக்கும் இல்லை. இரு பட்டியல்களும் பல்லாண்டுகளாக ஒரே பண்ணையில் வாழ்ந்து, தமக்குள் மணமுடித்திருந்தன. 1801 ஜனவரி முதல் நாள் கணவன் விடுதலை பெற, மனைவியும் பிள்ளைகளும் பட்டியலிலேயே நின்ற குடும்பங்கள் உண்டு. மறு ஆண்டு மார்த்தா இறந்தார். எஞ்சியவர்கள் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகள் நால்வருக்குப் பிரிக்கப்பட்டனர்.

இதைப் படிக்கும் நம்மவர் சிலர், ‘இஸ்லாத்தில் இப்படி இல்லை’ என்று உடனே சொல்லிவிடுவர். அவ்வளவு எளிதாகச் சொல்ல இயலாது. அடிமைப் பெண்ணின் பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்பது ஃபிக்ஹிலும் உள்ளதே. வேறுபாடு ஓரிடத்தில் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. எசமான் தன் பிள்ளையென ஏற்ற குழந்தை சுதந்திரப் பிறவி. மற்ற பிள்ளைகளோடு சமமாக மீராஸ் பெறும். அதன் தாய் ‘உம்மு வலத்’. அவளை விற்க முடியாது, பங்கிட முடியாது. எசமானின் மரணத்தோடு அவள் விடுதலையாகிறாள். ஹஸ்ரத் உமர் (ரலி) நிலைநிறுத்திய தீர்ப்பு இது. ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களுக்குப் பின்னாளில் மாற்றுக் கருத்து இருந்ததையும் நூல்கள் மறைக்கவில்லை. ஜெஃபர்சனின் வீட்டை இதனருகே வைத்துப் பாருங்கள். அவருடைய மாமனார் ஜான் வேல்ஸ் 1773இல் இறந்தபின் 135 அடிமைகள் பங்காக வந்தனர். அவர்களுள் ஒருத்தியான சாலி ஹெமிங்ஸ் என்னும் குழந்தை, வேல்ஸின் மகளே என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். தந்தையின் சொத்தில் அவள் வாரிசாகவில்லை. சொத்தாக, தன் சகோதரியின் வீட்டுக்குப் போனாள்.

இந்தியாவுக்கு வருவோம். ஸிராஜிய்யாவை 1792இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் கல்கத்தா நீதிபதி வில்லியம் ஜோன்ஸ். 1785இல் ஜூரிகள் முன் அடிமை வாணிபத்தைக் கடிந்து பேசியவரும் அவரே. அவர் மொழிபெயர்த்த அந்த முதல் தடையைச் செயலிழக்கச் செய்தது 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். அதன் மூன்றாம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் தன் உழைப்பாலோ வாரிசுரிமையாலோ பெற்ற சொத்தை, அவரோ அவருக்கு அதை விட்டுச்சென்றவரோ அடிமை என்ற காரணம் காட்டிப் பறிக்கலாகாது என்கிறது அது. பட்டியலில் பொருளாக இருந்தவன் வாரிசின் இடத்துக்கு வந்தான். ஆனால் அச்சட்டம் யாரையும் அழைத்து விடுவிக்கவில்லை. நீதிமன்றம் எசமானுக்குத் துணைநிற்காது என்பதோடு நின்றது. அடிமை படியாளானான், ஓலையின் இடத்தில் கடன்சீட்டு வந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்காக மட்டுமன்றி, வாரிசு வழியே ஒருவன்மேல் இறங்கும் கடப்பாட்டுக்காகச் செய்யப்படும் வேலையையும் கொத்தடிமை எனக் குறிப்பது காரணமின்றியன்று.

தெள்ளாரில் அந்த இளையவரிடம் நாம் சொன்னது இவ்வளவே: முன்பணம் வரவேண்டிய கடன்; தொகையைப் பங்கிடலாம், கையைப் பங்கிட முடியாது; அவர் விரும்பினால் நாளையே வேறொருவருக்கு நெய்யலாம், கடன் மட்டும் நிற்கும். அவர் மறுக்கவில்லை. மொத்தத் தொகையை எழுதி, அவரவர் பங்கைக் கணக்கிட்டுக் கையொப்பம் வாங்கினோம். ஆரணிப் பேருந்துக்கு நம்மை வழியனுப்ப வந்தவர், வண்டி புறப்படும் நேரத்தில் மெல்லக் கேட்டார்: "தறி எங்களுடையதுதானே ஹஜ்ரத்? அது என் பங்குக்கு வந்தால், அவர் வேறெங்கே போய்விடப் போகிறார்?"