மங்கலாகும் முகங்கள்

போன மாதம் மாலை வகுப்பில் ஒரு மாணவி தன் பாட்டியின் படத்தைக் காட்டினார். மறைந்துபோன அந்தப் பாட்டிக்கு இருப்பது ஒரே படம். செல்போன் செயலியில் அதற்குப் பழங்கால ஃபில்டர் போட்டிருந்தார். கனவு போல அழகாகத்தான் இருந்தது. ஆனால் நெற்றித் தழும்பைக் காணோம். வெயிலில் கறுத்த நிறமும் வெளுத்திருந்தது.

இந்த மென்மைக்கு ஒரு வரலாறு உண்டு தோழர்களே.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர். 1863இல், தன் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவால் படமெடுக்கத் தொடங்கினார். ஃபோகஸைத் தளர்த்தி, ஆட்களை நீண்ட நேரம் உட்காரவைத்து எடுத்தார். அந்த மங்கலை அன்று பலர் பிழை என்றார்கள். பின்னாளில் அதுவே கலைப்பாணி ஆனது.

1875இல் அவர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கணவர் சார்லஸ் ஹே கேமரனுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அக்காலக் காப்பித் தோட்டங்களில் உழைத்தது யார்? பஞ்சமும் சாதியும் துரத்த, தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்த நம் மக்கள். பள்ளர், பறையர், சக்கிலியர் அவர்களில் பெரும்பங்கு. பலர் வழியிலேயே மாண்டார்கள்.

இலங்கையில் கேமரன் எடுத்தவற்றில் எஞ்சியவை 30க்கும் குறைவு. இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினுக்கும் டென்னிசனுக்கும் பெயர் இருக்கிறது. 1877இல் களுத்துறைக்கு விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நார்த்துக்கும் இருக்கிறது. உள்ளூர் மக்களுக்கோ 'களுத்துறை உழவர் குழு' போன்ற தலைப்புதான். யார் தமிழர், யார் சிங்களர், யார் எந்தத் தோட்டத்தில் உழைத்தவர் என்று தலைப்பு சொல்வதில்லை.

மங்கலான படத்தால் டார்வினுக்கு ஒரு நட்டமும் இல்லை. அவருடைய நூல்கள் இருக்கின்றன, வீடு இருக்கிறது, கடிதங்கள் இருக்கின்றன. பெயரில்லாத உழைப்பாளிக்கு மிஞ்சியது முகம் மட்டுமே. அதையும் மங்கலாக்கினால் எதை வைத்து அவரைத் தேடுவது?

ஃபில்டர் போடவே கூடாது என்று சொல்லவில்லை. மூலப்படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பெயர், ஊர், ஆண்டு, செய்த வேலை நான்கையும் எழுதி வையுங்கள். தழும்பு எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

அந்த மாணவி அம்மாவிடம் கேட்டார். நாற்று நட்ட கூலியைக் கேட்டதற்கு விழுந்த அடியாம் அது. இப்போது மூலப்படம்தான் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கீழே பாட்டியின் பெயரும்.