எரித்த கடிதங்களும் எரிக்காத கடிதங்களும்: மார்த்தா வாஷிங்டன், அபிகெய்ல் ஆடம்ஸ்

ஒரு டாலர் நோட்டுல இருக்கிற ஜார்ஜ் வாஷிங்டன் முகம் நம்ம எல்லாருக்குமே பழக்கம். 1796-ல கில்பர்ட் ஸ்டூவர்ட் என்ற ஓவியர் வரைஞ்ச படத்துல இருந்து வந்த முகம் அது. அந்தப் படத்துக்கு ஒரு ஜோடி உண்டு. அதே வருஷம், அதே ஓவியர், வாஷிங்டனோட மனைவி மார்த்தாவையும் வரைஞ்சார். வெள்ளைத் தொப்பி, அமைதியான முகம், சுத்தி கொஞ்சம் பழுப்பு நிறம். மிச்சமெல்லாம் வெறும் துணி. ஸ்டூவர்ட் ரெண்டு படத்தையுமே முடிச்சுக் கொடுக்கல. வாஷிங்டன் முகத்தைப் பார்த்துப் பிரதி எடுத்து வித்தா நல்ல காசு வரும்னு அவருக்குத் தெரியும். அதனால ரெண்டையும் தன்கிட்டயே வச்சுக்கிட்டார்.

பாதியில நிற்கிற அந்தப் படம் மார்த்தாவோட வரலாற்றுக்கும் பொருந்தும். வாஷிங்டனும் மார்த்தாவும் சுமார் 40 வருஷம் சேர்ந்து வாழ்ந்தவங்க. போர் நடந்த காலத்துல மாசக்கணக்குல பிரிஞ்சும் இருந்தாங்க. நிறைய கடிதம் எழுதியிருப்பாங்க. 1799-ல வாஷிங்டன் இறந்த பிறகு, தங்களுக்குள்ள எழுதிக்கிட்ட கடிதங்கள் எல்லாத்தையும் மார்த்தா எரிச்சுட்டாங்க. தப்பிச்சது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

தப்பிச்சதுல ஒண்ணு 1775 ஜூன் மாசம் வாஷிங்டன் எழுதினது. படைக்குத் தலைமை ஏற்கச் சொல்லிட்டாங்க, மறுக்க முடியலன்னு மனைவிக்குச் சொல்ற கடிதம். உயில் எழுதி அனுப்பியிருக்கேன்னு சொல்றார். கூடவே, உனக்கு அழகான மஸ்லின் துணி வாங்கியிருக்கேன், பிடிக்கும்னு நம்புறேன்னும் சொல்றார். உயிலும் துணியும் ஒரே கடிதத்துல! இப்படி எத்தனை கடிதம் நெருப்புல போச்சோன்னு தோணும். ஆனா அது மார்த்தாவோட முடிவு. நாட்டுக்கே சொந்தமாகிட்ட ஒரு மனுஷன்கிட்ட, தனக்கு மட்டும்னு அவங்க வச்சுக்க முடிஞ்சது அதுதான்.

இன்னொரு வீடு, 1,100 கடிதங்கள்

இப்போ அடுத்த அதிபர் வீட்டுக்கு வருவோம். ஜான் ஆடம்ஸ், அவர் மனைவி அபிகெய்ல் ஆடம்ஸ். 1762-ல காதலிக்க ஆரம்பிச்சதுல இருந்து 1801 வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட கடிதங்கள்ல 1,100-க்கும் மேல இன்னைக்கும் பாஸ்டன்ல, மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துல இருக்கு.

அபிகெய்ல் 1744-ல பிறந்தவங்க. அப்பா ஒரு பாதிரியார். வீட்ல புத்தகங்கள் நிறைய இருந்துச்சு. ஆனா பள்ளிக்கூடம் போனதே இல்லை. அந்தக் குறை அவங்களைக் கடைசி வரைக்கும் உறுத்திச்சு. எழுத்துப்பிழை நிறைய வரும், நிறுத்தக்குறி அங்கங்க காணாமப் போகும். அதனாலயே, என் கடிதத்தை எரிச்சுடுங்கன்னு கணவர்கிட்ட கேட்டிருக்காங்க. அவர் எரிக்கல. பத்திரமா வைன்னு மனைவிக்கும் எழுதினார். 1776-ல தன் கடிதங்களைப் பிரதி எடுத்து வைக்க ஒரு பெரிய நோட்டையும் வாங்கினார். நடக்கிறது வரலாறுன்னு அவருக்கு அப்பவே புரிஞ்சிருந்தது.

இதுல ஆபத்தும் இருந்தது. 1775-ல ஜான் எழுதின கடிதங்கள் பிரிட்டிஷ்காரங்க கையில சிக்கி, செய்தித்தாள்ல அச்சாகி ஊர் சிரிச்சது. அதுக்குப் பிறகும் ரெண்டு பேரும் எழுதுறதை நிறுத்தல.

மார்ச் 31, 1776

அபிகெய்ல் எழுதினதுல ரொம்பப் பிரபலமான கடிதம் இந்தத் தேதியில எழுதினது. ஜான் பிலடெல்ஃபியாவுல, சுதந்திரம் பற்றி விவாதிக்கிற சபையில இருக்கார். பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டுப் போய் ரெண்டு வாரம் ஆகுது. புதுசா சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துடாதீங்க, கணவர்கள் கையில அளவில்லாத அதிகாரம் கொடுக்காதீங்கன்னு எழுதுறாங்க. எங்களுக்குக் குரல் இல்லாத சட்டத்துக்கு நாங்க கட்டுப்பட மாட்டோம், கலகம் செய்வோம்னும் சொல்றாங்க. ராஜாவுக்கு எதிரா ஆண்கள் வச்ச அதே வாதத்தை எடுத்து ஆண்களுக்கே திருப்பிக் கொடுக்கிறாங்க.

பெரும்பாலும் மேற்கோள் காட்டுறது இந்தப் பகுதியை மட்டும்தான். முழுக் கடிதத்தையும் படிச்சா இன்னும் நிறைய இருக்கு. அடிமைகளை வச்சிருக்கிற வர்ஜீனியாக்காரங்களுக்கு உண்மையிலேயே சுதந்திர வேட்கை இருக்குமான்னு சந்தேகப்படுறாங்க. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு செஞ்சியான்னு ஜான் கேட்டிருக்கார். இன்னும் இல்லை, சோப்பு காய்ச்சி முடிச்சிட்டுப் பார்க்கிறேன்னு பதில். அரசியல், அடிமைமுறை, சோப்பு எல்லாமே ஒரே காகிதத்துல.

ஜான் என்ன பதில் எழுதினார்? சிரிப்பு வருதுன்னார். நாங்க பேருக்குத்தான் எஜமானர்கள், அதிகாரம் உங்ககிட்டதானே இருக்குன்னு கிண்டல் பண்ணினார். அபிகெய்ல் விடல. எல்லா நாட்டுக்கும் விடுதலைன்னு பேசுறீங்க, மனைவிகள் மேல மட்டும் முழு அதிகாரம் வேணும்ங்கிறீங்கன்னு மே மாசம் திருப்பி எழுதினாங்க.

ஒரு வருஷம் கழிச்சு, 1777 ஜூலை. நிறைமாசக் கர்ப்பம், கணவர் பக்கத்துல இல்லை. வயித்துல குழந்தை அசையலையேன்னு பயமா இருக்குன்னு எழுதுறாங்க. வலி வந்து பேனாவைக் கீழே வைக்கிற வரைக்கும் எழுதுறாங்க. சில நாள் கழிச்சு அடுத்த கடிதம் போகுது: பெண் குழந்தை, இறந்தே பிறந்தது. இந்தக் காலகட்டத்தைப் பற்றி எத்தனையோ புத்தகம் இருக்கு. வீட்டுக்குள்ள இருந்து இவ்வளவு கிட்டத்துல அதைக் காட்டுற எழுத்து ரொம்பக் கம்மி.

ரெண்டு முகங்கள்

அபிகெய்லுக்கும் ஓவியங்கள் உண்டு. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல, 1766 வாக்குல, பெஞ்சமின் பிளைத் என்ற ஓவியர் பாஸ்டல் வண்ணத்துல தம்பதியை வரைஞ்சார். கருங்கூந்தல், கழுத்துல முத்துமாலை, நேரா நம்மைப் பார்க்கிற கண். வயசு 21, 22 இருக்கலாம்.

இன்னொண்ணை வரைஞ்சது யாருன்னு நினைக்கிறீங்க? அதே கில்பர்ட் ஸ்டூவர்ட்! 1800-ல, ஜான் அதிபரா இருந்தப்போ ஆரம்பிச்சார். முடிச்சது 1815-ல. பதினஞ்சு வருஷம்! லேஸ் தொப்பி போட்ட வயசான அந்த அம்மாவை இன்னைக்கு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துல பார்க்கலாம். கம்பீரமான படம்தான். ஆனா சோப்பு காய்ச்சினதும், மகளைப் பறிகொடுத்ததும், கணவரை மடக்கினதும் அந்தப் படத்துல தெரியாது. அதையெல்லாம் கடிதங்கள்தான் சொல்லுது.

1800 நவம்பர்ல வெள்ளை மாளிகைக்கு முதல்ல குடிபோன அதிபர் மனைவியும் இவங்கதான். வீடு பாதிதான் கட்டி முடிஞ்சிருந்தது. ஒரு பெரிய கூடத்துல துணி காயப்போட்டாங்க. குளிரு, விறகு இல்லைன்னு மகளுக்கு எழுதிட்டு, யாராவது கேட்டா வீடு அழகா இருக்குன்னு மட்டும் சொல்லுன்னு முடிக்கிறாங்க. படத்துக்கு ஒரு முகம், மகளுக்கு ஒரு முகம்.

இவங்களை அப்பழுக்கில்லாத புரட்சிப் பெண்ணா வரைஞ்சுடவும் கூடாது. 1797-ல, தன் வீட்ல வேலை பார்த்த கறுப்பினப் பையன் மாலைப் பள்ளிக்குப் போறதை ஒருத்தர் எதிர்த்தப்போ, அவனுக்காக உறுதியா நின்னாங்க. அடுத்த வருஷமே, அரசை விமர்சிக்கிற பத்திரிகையாளர்களைச் சிறையில தள்ள வழி செஞ்ச சட்டத்தை ஆதரிச்சாங்க. ரெண்டும் கடிதத்துல இருக்கு.

கடைசி எழுத்து

1816-ல அபிகெய்ல் ஒரு உயில் எழுதினாங்க. அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனிச்சொத்தே கிடையாது. ஆனா பல வருஷமா முதலீடு செஞ்சு சேர்த்த காசை அவங்க தன்னோடதுன்னுதான் நினைச்சாங்க. அதுல பெரும்பகுதியைப் பேத்திகள், உறவுக்காரப் பெண்கள், வீட்ல வேலை பார்த்த பெண்கள்னு பெண்களுக்கே எழுதி வச்சாங்க. சட்டத்துல செல்லாத காகிதம் அது. 1818-ல அவங்க இறந்த பிறகு ஜான் அதை மதிச்சு நடந்தார். 1776-ல சிரிச்ச அதே ஜான்.

கடிதங்கள் 1840-ல முதல்ல புத்தகமா வந்தது. தொகுத்தது பேரன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ். பாட்டியோட எழுத்துப்பிழைகளைத் திருத்தி, ரொம்ப அந்தரங்கம்னு பட்டதை விட்டுட்டார். 1956-ல குடும்பம் ஆவணங்களை வரலாற்றுச் சங்கத்துக்கே கொடுத்தது. அதுக்குப் பிறகுதான் அவங்க எழுதினது எழுதினபடியே, பிழையோட வெளிவந்தது. இன்னைக்கு அந்தச் சங்கத்தோட இணையதளத்துல கையெழுத்தையே பார்க்கலாம்.

எரிக்கச் சொன்னவங்களோட கடிதத்தைத்தான் நாம இப்போ படிக்கிறோம். மார்த்தா எரிச்சதால அவங்க நமக்கு ஒரு முகமா மட்டும் நின்னுட்டாங்க. அபிகெய்ல் முழு மனுஷியா நம்மகிட்ட வந்திருக்காங்க, ஆனா அவங்க கேட்டதை மீறி. எது நியாயம்னு நீங்க என்ன நினைக்கிறீங்க? எங்களுக்கு எழுதுங்க. ஒரு ரெண்டு வரி போதும். எரிக்க மாட்டோம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.