சும்மா கிடைக்கிற சரக்கை விற்றவர்கள்

இன்னைக்கு ஒரு வியாபாரத்தோட கதை. சரக்கு அரசாங்கத்தோடது. யார் வேணும்னாலும் போய் காசு கொடுக்காம எடுத்துக்கலாம். அப்படி இருந்தும் அந்தச் சரக்கை விற்று ஒரு கம்பெனி பங்குச் சந்தை வரைக்கும் போனது. சும்மா கிடைக்கிறதுக்கு ஒருத்தர் ஏன் காசு கொடுக்கணும்? அதைவிட முக்கியமா, அப்படிக் காசு கொடுக்கிறது எத்தனை நாளைக்கு நடக்கும்? அரசுத் தரவை வச்சு ஒரு ஆப், ஒரு வெப்சைட் பண்ணலாமான்னு யோசிக்கிறவங்க நம்ம கேட்பவர்கள்ல நிறைய பேர் இருக்கீங்க. அதனால இதை நிதானமாவே சொல்றேன்.

கதை நடக்கிற இடம் அமெரிக்கா. 1929இல் அங்கே பங்குச் சந்தை சரிந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு, 1934இல், பங்குச் சந்தையைக் கண்காணிக்க எஸ்.இ.சி. என்ற ஆணையத்தை உருவாக்கினார்கள். நம்ம ஊர் செபிக்கு அண்ணன் மாதிரி. அதன் முதல் தலைவர் ஜோசப் கென்னடி, பின்னால் ஜனாதிபதியான ஜான் கென்னடியின் அப்பா. அவரே பங்கு வியாபாரத்தில் கை தேர்ந்தவர். திருடனைப் பிடிக்க அந்த வழி தெரிஞ்ச ஆளையே போட்டாங்கன்னு அப்போதே பேச்சு வந்தது.

இந்த ஆணையம் எந்தப் பங்கு நல்லது, எது மோசம் என்று சொல்லவே சொல்லாது. "உன் கம்பெனியில் என்ன நடக்கிறதோ அதை எழுதிக் கொடு, எல்லோரும் படிக்கட்டும்" என்று மட்டும்தான் கேட்கும். வருஷத்துக்கு ஒரு முறை 10-கே என்ற அறிக்கை, காலாண்டுக்கு 10-க்யூ, நடுவில் பெரிய சம்பவம் ஏதாவது நடந்தால் 8-கே. அதாவது இந்த அமைப்பே 'எல்லோரும் படிக்கலாம்' என்ற ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆனா எல்லோரும் படிச்சாங்களா? இல்லை. அறிக்கைகள் எல்லாம் காகிதம். வாஷிங்டனில் எஸ்.இ.சி.யின் படிப்பறைக்கு நேரில் போகணும், ஃபைலைத் தேடி எடுக்கணும், ஜெராக்ஸ் போடணும். அங்கே போய் நிற்பதற்கென்றே சில நிறுவனங்கள் ஆள் வைத்திருந்தன. இன்னும் சில நிறுவனங்கள் அறிக்கைகளை மைக்ரோஃபிஷ்ஷாக, அதாவது பொடிப்பொடியாகப் படம் பிடித்த ஃபிலிம் அட்டைகளாக, நூலகங்களுக்கும் வங்கிகளுக்கும் விற்றன. ஆக, அரசுத் தரவை விற்கும் தொழில் இன்டர்நெட்டுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது. காகிதம் இருக்கும் இடத்துக்கும் அது தேவைப்படும் ஆளுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் அதற்கு மூலதனம். இந்தத் தூரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி வரும்.

1984இல் எஸ்.இ.சி. இதைக் கணினிக்குக் கொண்டுபோகும் சோதனை முயற்சியைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர்தான் எட்கர். 1993இல் தொடங்கி, கம்பெனிகள் கொஞ்சம் கொஞ்சமாக மின்னணு வடிவில் அறிக்கை கொடுத்தே ஆகணும் என்று கட்டாயமாக்கினார்கள். 1996 மே மாதத்துக்குள் உள்நாட்டு கம்பெனிகள் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன.

சரி, கணினிக்குள்ள வந்தாச்சு. வெளியே எப்படி வரும்? இங்கேதான் சிக்கல். தரவை வெளியே விநியோகிக்கும் வேலை மீட் டேட்டா சென்ட்ரல் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. சட்டத் தகவல் தேடும் லெக்ஸிஸ், செய்தி தேடும் நெக்ஸிஸ் ஆகியவற்றை நடத்தி வந்தவர்கள் இவர்கள்தான். மீட் மொத்த விலையில் கொடுக்கும், சில்லறைத் தகவல் கம்பெனிகள் அதை வாங்கிக் கடைசியில் வாடிக்கையாளருக்கு விற்கும். பெரிய வங்கிக்கும் சட்ட நிறுவனத்துக்கும் அந்த விலை பெரிசில்லை. கல்லூரி மாணவருக்கும், ஓய்வூதியப் பணத்தைப் பங்கில் போட்ட பெரியவருக்கும் கட்டுப்படியாகாது. அரசு வரிப்பணத்தில் கட்டிய கணினி, அரசு உத்தரவால் வந்து சேர்ந்த அறிக்கை. ஆனால் வாசலில் டிக்கெட் கிழிப்பது இன்னொருவர்.

ரால்ஃப் நேடர் பெயர் கேள்விப்பட்டிருப்பீங்க, நுகர்வோர் உரிமைக்காகப் போராடியவர். அவரோடு சேர்ந்து வேலை செய்த ஜேம்ஸ் லவ் இதை எதிர்த்துக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்தின் கீழவையில் தொலைத்தொடர்பு, நிதி துணைக்குழுவுக்குத் தலைவராக இருந்த எட்வர்ட் மார்க்கியும் கேள்வி கேட்டார். இவங்க பின்னணியில் இருக்க, கதைக்குள் நுழைகிறவர் கார்ல் மாலமூட்.

இவரைப் பத்தி நம்ம மாதிரி பாட்காஸ்ட்காரங்க ஒரு நிமிஷம் தனியா பேசியே ஆகணும். 1993இல், பாட்காஸ்ட் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், இன்டர்நெட் டாக் ரேடியோ என்று ஒன்றை இவர் நடத்தினார். தொழில்நுட்ப ஆட்களைப் பேட்டி எடுத்து, ஆடியோ ஃபைலாக்கி, இன்டர்நெட்டில் போடுவார். அதை டவுன்லோடு பண்ணிக் கேட்பார்கள். அன்றைய வேகத்தில் ஒரு பேட்டி இறங்கி முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. அந்த வகையில் இவர் எங்களுக்கெல்லாம் பாட்டனார்.

இதே மாலமூட்தான் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளியோடு சேர்ந்து, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மானியத்தில், எட்கர் அறிக்கைகளை இன்டர்நெட்டில் போட ஆரம்பித்தார். சேவை 1994 ஜனவரியில் தொடங்கியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கணினி கொடுத்து உதவியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஸ்.இ.சி. நேராக எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த மீட் டேட்டா சென்ட்ரலிடமிருந்துதான் தரவு வர வேண்டியிருந்தது. அரசுத் தரவை அரசு மானியத்தில் தனியாரிடம் வாங்கி மக்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்! நம்ம தாத்தா காலத்து கிணற்றுத் தண்ணியை லாரிக்காரரிடம் வாங்கித் தெருவில் பந்தல் போட்டு ஊற்றின மாதிரி.

வால் ஸ்ட்ரீட்காரர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று பலர் நினைத்தார்கள். அவர்களுக்குத்தான் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கும் வழி இருக்கே! வந்தவர்கள் வேறு ஆட்கள். மாணவர்கள், பத்திரிகையாளர்கள், சிறு முதலீட்டாளர்கள், தாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்த ஊழியர்கள். லட்சக்கணக்கில் அறிக்கைகள் இறங்கின.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம். மானியக் காலம் முடியப்போகிறது. வேறு யாராவது இருந்தால் இன்னொரு மானியத்துக்கு அலைந்திருப்பார்கள், இல்லைன்னா கட்டணம் வாங்க ஆரம்பித்திருப்பார்கள். அத்தனை வாடிக்கையாளர்கள் கையில் இருக்கும்போது அதுதானே தோணும்? மாலமூட் 1995 ஆகஸ்டில் கடையை மூடப்போவதாக அறிவித்தார். அக்டோபர் 1 முதல் சேவை கிடையாது, இது அரசு செய்ய வேண்டிய வேலை, கேட்க வேண்டியவர்களைக் கேளுங்கள் என்று தன் தளத்தைப் பயன்படுத்தியவர்களையே திருப்பி விட்டார். ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல்கள் போயின. அன்றைய எஸ்.இ.சி. தலைவர் ஆர்தர் லெவிட். அவர் காலத்தில்தான் முடிவு மாறியது. மாலமூட் தன் கணினிகளையும் மென்பொருளையும் ஆணையத்துக்கு இரவல் கொடுத்தார். காலக்கெடு முடிவதற்குள் எஸ்.இ.சி. தன் சொந்தத் தளத்தில் அறிக்கைகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

இப்போ நாம ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வருவோம். இலவசம் ஆகிடுச்சு. அப்ப விற்கிறவங்க கதை முடிஞ்சுதா?

முடியல. அதே 1995இல்தான் கனெக்டிகட் மாநிலத்தின் நார்வாக் நகரில் சூசன் ஸ்ட்ராஸ்பர்க், மார்க் ஸ்ட்ராஸ்பர்க் தம்பதி ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பின்னால் எட்கர் ஆன்லைன் என்று பெயர் பெற்றது அதுதான். அரசு தரும் அறிக்கையையே எடுத்து விற்பதுதான் தொழில். 1999இல், டாட்காம் அலை உச்சியில் இருந்தபோது, அது நாஸ்டாக்கில் பட்டியலானது.

அரசு கொடுத்த அறிக்கையை ஒருமுறை திறந்து பார்த்தால் இவர்கள் எதை விற்றார்கள் என்று புரியும். எல்லாம் வெறும் எழுத்து. அட்டவணையைக்கூட ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டி நேராக்கியிருப்பார்கள். நூறு, இருநூறு பக்கம். உங்களுக்கு வேண்டிய கடன் விவரம் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கு என்று தேடவே அரை நாள் போகும். போதாக்குறைக்கு, எஸ்.இ.சி. தளத்தில் அறிக்கை ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது. பங்குச் சந்தையில் ஒரு நாள் என்பது ஒரு யுகம். எட்கர் ஆன்லைன் உடனுக்குடன் கொடுத்தது, நீங்கள் கவனிக்கும் கம்பெனி புது அறிக்கை போட்டால் தகவல் அனுப்பியது, படிக்கிற மாதிரி வடிவத்தில் கொடுத்தது. 1999இல் வந்த 10-கே விசார்ட் என்ற இன்னொரு தளம் அறிக்கைக்குள் இருக்கும் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் தேடும் வசதியைக் கொண்டுவந்தது. காகிதக் காலத்தில் படிப்பறைக்கும் வாடிக்கையாளருக்கும் இருந்த தூரம் இப்போது நேரமாகவும் குழப்பமாகவும் மாறியிருந்தது, அவ்வளவுதான். விற்றது அதைக் குறைக்கிற வேலை.

ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. உங்க வியாபாரம் அரசுத் தளத்தோட குறையில நிக்குது. அந்தக் குறையை அரசு எப்ப சரி பண்ணும்னு உங்களுக்குத் தெரியாது.

2002 மே மாதக் கடைசியில் எஸ்.இ.சி. தன் தளத்தில் அறிக்கைகளைத் தாமதமின்றி, உடனுக்குடன், இலவசமாகப் போட ஆரம்பித்தது. வேகத்தை விற்றவர்கள் கையில் இருந்த சரக்கு ஒரே நாளில் இலவசமானது. 2006இல் முழு எழுத்துத் தேடலும் வந்தது. 10-கே விசார்ட்டை 2008இல் மார்னிங்ஸ்டார் வாங்கிக்கொண்டது. 2009 முதல், நிதி எண்களைக் கணினி நேரடியாகப் படிக்கும்படி எக்ஸ்.பி.ஆர்.எல். என்ற வடிவத்தில் கொடுக்கணும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு வந்தது. முதலில் பெரிய கம்பெனிகள், பிறகு மற்றவர்கள். அட்டவணையிலிருந்து எண்ணைப் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்து விற்பதும் அதோடு ஆட்டம் கண்டது.

எட்கர் ஆன்லைன் இங்கே ஒரு குட்டிக்கரணம் போட்டது. படிக்கிறவர்களை மட்டும் நம்பாமல், அறிக்கை கொடுக்கிற கம்பெனிகள் பக்கம் திரும்பியது. 'இந்தப் புது வடிவம் உங்களுக்குத் தலைவலி, நாங்க மாத்தித் தர்றோம்' என்று. புத்திசாலித்தனம்தான். அரசு போடுகிற ஒவ்வொரு புது விதியும் ஒரு பக்கம் கதவைச் சாத்தினால், இன்னொரு பக்கம் யாருக்காவது புது வேலையைக் கொடுக்கிறது. ஆனாலும் கம்பெனி பெரும்பாலும் நஷ்டக் கணக்குத்தான் காட்டியது. 2012இல் அதை ஆர்.ஆர். டானெல்லி வாங்கியது. 1864இல் சிகாகோவில் தொடங்கிய அச்சகம் அது. காகிதக் காலத்திலிருந்தே நிதி ஆவணங்களை அச்சடித்து வந்தவர்கள்.

இதே பிரச்சினைக்கு வேறு ஒரு வழியையும் சிலர் முயன்றார்கள். அரசு குறையைச் சரிசெய்யாமல் தடுத்துவிட்டால்? 2005இல் பென்சில்வேனியா செனட்டர் ரிக் சான்டோரம் ஒரு மசோதா கொண்டுவந்தார். தனியார் செய்யக்கூடிய வானிலைச் சேவைகளில் அரசின் தேசிய வானிலைச் சேவை போட்டி போடக் கூடாது என்பது அதன் சாரம். அக்யூவெதர் நிறுவனம் இருப்பதும் அதே பென்சில்வேனியாவில்தான். செயற்கைக்கோளும் ரேடாரும் மக்கள் காசில், முன்னறிவிப்பை மட்டும் கடையில் வாங்கிக்கோ என்கிற மாதிரி இருந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. மசோதா சட்டமாகவில்லை. என் கணக்கில் எட்கர் ஆன்லைன் செய்தது வியாபாரம். இது வாய்க்காலை அடைத்து வைத்துக் குடம் விற்பது. இரண்டுக்கும் ரொம்பவே வித்தியாசம் இருக்கு.

நம்ம நாட்டுக்கு இதில் நேரடியாகவே ஒரு தொடர்பு உண்டு. மாலமூட் பின்னால் இந்தியத் தரநிலைகளை, அதாவது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஆவணங்களை, இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டார். அது டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. கம்பெனி விவரம் என்று பார்த்தால், 2006இல் வந்த எம்.சி.ஏ.21 தளம்தான் நம்ம எட்கர். பெயர், இயக்குநர்கள் மாதிரி அடிப்படை விவரங்களைச் சும்மா பார்க்கலாம். ஆனால் ஒரு கம்பெனி தாக்கல் செய்த கணக்கைத் திறந்து பார்க்க நூறு ரூபாய் கட்டணம், அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும். கம்பெனி பெயரைத் தேடினால் டோஃப்ளர், ஜாபா கார்ப் மாதிரி தளங்கள் வந்து நிற்கிறதுக்குக் காரணம் இப்போ புரிஞ்சிருக்கும். வேலைக்குச் சேரப்போற ஸ்டார்ட்அப் சம்பளம் கொடுக்கிற நிலைமையில் இருக்கான்னு பார்க்க நினைக்கிற பையனுக்கு, பொண்ணுக்கு நூறு ரூபாய் பெரிசில்லை. பத்து கம்பெனியை ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரம் ரூபாய்ன்னா யோசிப்பாங்க.

எஸ்.இ.சி. இப்போது இன்னும் ஒரு படி மேலே போய், அறிக்கை எண்களை ஏ.பி.ஐ. வழியாகவே தருகிறது. பதிவுக் கட்டணம் கிடையாது, சாவி கிடையாது. உங்க புரோகிராம் யாருடையதுன்னு ஒரு பெயரும் மின்னஞ்சலும் சொல்லணும், நொடிக்குப் பத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எட்கர் ஆன்லைன் பட்டியலில் இருந்த காலத்தில் தாக்கல் செய்த 10-கே அறிக்கைகளும் அதே களஞ்சியத்தில்தான் கிடக்கின்றன. லாப நஷ்டக் கணக்கிலிருந்து, என்னென்ன ஆபத்து இருக்குன்னு அவங்களே எழுதிக் கொடுத்த பகுதி வரை எல்லாம் இலவசம். நேரம் கிடைச்சா எடுத்துப் படிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.