துருவமான்: காட்டினமும் வளர்ப்பினமும்

வட ஐரோப்பா, சைபீரியா, வட அமெரிக்கா ஆகிய குளிர்நிலங்களில் வாழும் துருவமான் ஒரே உயிரினம். காட்டில் திரிவதும் மந்தையில் வளர்வதும் தம்முள் கூடிக் குட்டி ஈனும், அக்குட்டிகளும் மலடாவதில்லை. எது காட்டு மான், எது வளர்ப்பு மான் என்ற சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயின் வடகோடியிலிருந்து வந்த ஓத்தரே என்பவர், இங்கிலாந்தின் வெசெக்ஸ் மன்னர் ஆல்பிரட்டிடம் தமக்கு 600 வளர்ப்பு மான்கள் உண்டு என்றார். அவற்றில் ஆறு, காட்டு மான்களை ஈர்த்துப் பிடிக்கப் பழக்கிய பார்வை மான்கள்; மதிப்பும் அவற்றுக்கே மிகுதி. பெருமந்தை வளர்ப்பு பிற்காலத்தது. வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடியினரான சாமி மக்களிடையே 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அது வலுப்பெற்றது. உரிமையாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வடிவத்தில் குட்டியின் காதோரத்தைக் கத்தியால் வெட்டிக் குறியிடுவர். மந்தையில் இன்னார் மான் என்று காட்டுவது இந்த வெட்டுதான்.

உடல் அடையாளங்கள் ஓரளவே கைகொடுக்கும். பின்லாந்தின் வனத் துருவமானுக்குக் கால் நீளம், கொம்பு குறுகல். வெள்ளை, புள்ளி நிறங்கள் வளர்ப்பு மந்தையில்தான் அதிகம். ஸ்காண்டிநேவிய மந்தைகளும் ரஷ்ய மந்தைகளும் தனித்தனியே பழக்கப்பட்டவை என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

பின்லாந்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் வேட்டையால் அற்றுப்போன வனத் துருவமான், ரஷ்யக் கரேலியாவிலிருந்து கைனூ பகுதிக்குத் தானே திரும்பியது. வளர்ப்பு மந்தையோடு கலந்துவிடாதிருக்க 1990களில் அங்கே நெடிய வேலி போடப்பட்டது. அலாஸ்காவில் நடந்தது நேர்மாறு. அமெரிக்க மதபோதகர் ஷெல்டன் ஜாக்சன் முயற்சியால் 1892 முதல் சைபீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வளர்ப்பு மான்களின் வழித்தோன்றல்கள், 1990களில் செவார்டு தீபகற்பத்துக்குள் திரண்டுவந்த கரிபு எனப்படும் காட்டு மான்களோடு கலந்து ஓடிவிட, மேய்ப்பர் பலர் மந்தையை இழந்தனர்.

தென் நார்வேயில் ரொண்டானே மான்கள் பழைய காட்டு மரபின. ஹார்டாங்கர்விடா மந்தையில் வளர்ப்பு இரத்தமும் உண்டு. சட்டத்தின் பார்வையில் இரண்டுமே காட்டு மான்கள்தாம். ஆகவே இப்பிரிவினையில் பிறப்பைவிட உடைமைக்கே எடை அதிகம். ஐஸ்லாந்து இதற்குத் தெளிவான சான்று: 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்து இறக்கிய வளர்ப்பு மான்களின் வழிவந்தவை இன்று நாட்டின் கிழக்கில் மட்டும் உரிமையாளரின்றித் திரிகின்றன, அவற்றை வேட்டையாட அரசு ஆண்டுதோறும் எண்ணிக்கை வரையறுத்து உரிமம் வழங்குகிறது.