ஈறு நோயும் டைட்டானியம் பல்லும்: மலையகம் உலகுக்குக் கொடுத்த பாடம்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் போவதற்குச் சொத்தைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சொத்தையே இல்லாத பல்லும் ஒருநாள் ஆடத் தொடங்கி, கையோடு வந்துவிடுவதுண்டு. பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஈறும் எலும்பும் நோயால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் இதற்குக் காரணம். பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால் வெளியே தெரியும்போது பாதி எலும்பு போயிருக்கும்.

இப்படிப் பல் ஆடும் ஒருவர் இன்று மருத்துவரிடம் போனால் இரண்டு கேள்விகள் வரும். இருக்கும் பல்லைக் காப்பாற்ற முடியுமா? முடியாவிட்டால் அந்த இடத்தில் இம்பிளாண்ட் வைக்கலாமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த கதை டென்மார்க், சுவீடன், இலங்கையின் மலையகம் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. முதல் இரண்டு இடங்களின் பெயர்களைப் பலர் சொல்வார்கள். மூன்றாவது இடத்தைப் பற்றித் தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது.

லீவன்ஹூக் பார்த்த உயிர்கள்

1683-ஆம் ஆண்டு ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் இருந்த அந்தோனி வான் லீவன்ஹூக் தன் பற்களின் இடுக்கில் படிந்த வெள்ளை மாவு போன்ற பொருளை எடுத்துத் தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்க்கும் பழக்கம் உள்ளவர் அவர். அப்படியும் அந்த மாவுக்குள் எண்ணற்ற சிறு உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். ஆனால் அந்த உயிர்களுக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். ஆடும் பல்லைப் பிடுங்குவதே வழக்கமாக இருந்த காலத்தில், பல்லின் வேரில் ஒட்டியுள்ள காரையைச் சுரண்டி எடுத்தால் ஈறு ஆறும் என்று அவர் செய்து காட்டினார். அமெரிக்காவில் இந்த நோயையே 'ரிக்ஸ் நோய்' என்று அழைக்கும் அளவுக்கு அவர் பெயர் பரவியது. இன்று 'ஸ்கேலிங்' என்று சொல்லப்படும் சிகிச்சையும், வேரின் மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் சிகிச்சையும் அடிப்படையில் ரிக்ஸ் செய்ததுதான்.

1965: பல் துலக்காத மாணவர்கள்

காரையா, கிருமியா, வயதா, உணவா? ஈறு நோயின் உண்மையான காரணம் பற்றிய சண்டை 1960-கள் வரை ஓயவில்லை. அதைத் தீர்த்துவைத்தவர் நார்வேயில் பிறந்த ஹாரல்ட் லோ. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் மிக எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள்.

10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. 1965-இல் வெளியான இந்த ஆய்வு, பல்லில் படியும் கிருமிப் படலம்தான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டியது.

ஆனால் ஒரு கேள்வி மீதி இருந்தது. வீங்கிய ஈறை அப்படியே பல ஆண்டுகள் விட்டுவிட்டால் என்ன ஆகும்? எல்லோருக்கும் எலும்பு கரையுமா? ஆர்ஹுஸ் மாணவர்களை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. யாரையும் இருபது ஆண்டுகள் பல் துலக்காதே என்று சொல்ல முடியாதே!

480 தேயிலைத் தொழிலாளர்கள்

லோவின் குழு இரண்டு கூட்டத்தாரைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று, 1969-இல் ஆஸ்லோ நகரின் 565 மாணவர்களும் படித்தவர்களும். சிறு வயது முதலே முறையான பல் மருத்துவம் கிடைத்தவர்கள். மற்றொன்று, 1970-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்கள். அவர்கள் தமிழர்கள். பிரஷ், பேஸ்ட், பல் மருத்துவர் எதுவும் அவர்கள் வாழ்க்கையில் இல்லை. யாரும் பல் துலக்காதே என்று அவர்களிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை. வசதியில்லாத வாழ்க்கையே அந்தச் சோதனையைச் செய்து வைத்திருந்தது.

1985 வரை பல முறை அவர்களுடைய வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. கடைசிப் பரிசோதனையில் முதலில் இருந்தவர்களில் 161 பேர் மட்டுமே இருந்தார்கள். 1986-இல் வெளியான முடிவுகள் பல் மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தன.

அனைவருக்கும் பல்லில் காரை இருந்தது. கிட்டத்தட்ட எல்லா ஈறுகளும் வீங்கியிருந்தன. ஆனாலும் நோய் ஒரே மாதிரி நடக்கவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு எலும்பும் பற்றும் வேகமாகக் கரைந்தன. 81 சதவீதம் பேருக்கு மிதமாகக் கரைந்தன. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே அழுக்கு. ஆனால் விளைவு மூன்று விதம். கிருமி மட்டும் போதாது, அதை உடல் எதிர்கொள்ளும் விதமும் முக்கியம் என்ற இன்றைய கருத்துக்கு இதுவே பெரிய ஆதாரமானது.

வேகமாகக் கரைந்தவர்கள் 35 வயதில் 12 பற்களை இழந்திருந்தார்கள். 40 வயதில் 20 பற்கள். 45 வயதில் ஒரு பல் கூட மிச்சமில்லை. இவர்களிடம் சொத்தை அநேகமாக இல்லை என்பதால், போன பற்கள் எல்லாம் ஈறு நோயாலேயே போனவை. மிதமாகக் கரைந்தவர்கள் 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்தார்கள்.

ஆய்வுக்குப் பின்னால் இருந்த மனிதர்கள்

அந்த 15 ஆண்டுகள் மலையகத்துக்கு எப்படிப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகம் அது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எழுபதுகளில் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1975-இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1977, 1983 கலவரங்களும் இந்தக் காலத்தில்தான் நடந்தன. ஆய்வறிக்கையின் அட்டவணைகளில் இதற்கெல்லாம் இடமில்லை. அங்கே இருப்பவை மில்லிமீட்டர் கணக்குகள் மட்டுமே.

ஆர்ஹுஸ் மாணவர்களின் கையில் மூன்று வாரத்துக்குள் பிரஷ் திரும்பி வந்தது. தோட்டத்துத் தொழிலாளர்களின் பற்களில் 15 ஆண்டுகளின் முடிவிலும் காரை அப்படியே இருந்தது என்று ஆய்வே பதிவு செய்கிறது. நோயை அளந்தவர்கள் அதைத் தடுக்கும் வழியையும் 1965-லேயே அறிந்தவர்கள். இந்த ஆய்வின் மதிப்பு எவ்வளவு உண்மையோ, இந்த உறுத்தலும் அவ்வளவு உண்மை.

எலும்போடு ஒட்டிய உலோகம்

அதே 1965-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இன்னொரு கதை தொடங்கியது. பெர்-இங்வார் புரோனெமார்க் என்ற மருத்துவர் 1952 வாக்கில் லுண்ட் நகரில் முயல்களின் எலும்பு மஜ்ஜையில் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக எலும்பில் ஒரு டைட்டானியம் கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை! எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது.

எரிச்சலோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. நாய்களில் பல ஆண்டுகள் சோதித்துவிட்டு, 1965-இல் பிறவியிலேயே தாடைக் குறை உள்ள யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியம் திருகுகளைப் பொருத்தினார். அவை எலும்போடு ஒட்டின. அவற்றின் மேல் பல் கட்டப்பட்டது. லார்சன் 2006-இல் இறக்கும் வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் அவை அவருக்கு உழைத்தன.

இருந்தும் பல் மருத்துவ உலகம் நீண்ட காலம் நம்பவில்லை. 1982-இல் கனடாவின் டொரோண்டோவில் நடந்த மாநாட்டில் சான்றுகள் முன்வைக்கப்பட்ட பிறகுதான் அமெரிக்கக் கண்டத்திலும் இந்த முறை ஏற்கப்பட்டது. புரோனெமார்க் 2014-இல் காலமானார்.

இரண்டு கதைகளும் சேரும் இடம்

பல் விழுந்தால் என்ன, அதுதான் இம்பிளாண்ட் இருக்கிறதே என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வரலாறு இங்கேதான் எச்சரிக்கிறது. லார்சன் பல் இழந்தது ஈறு நோயால் அல்ல. ஈறு நோயால் பல் இழந்தவருடைய வாயில் அந்தக் கிருமியும், அதற்கு இடம் கொடுத்த உடலும் அப்படியே இருக்கின்றன. டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு வீங்கும், எலும்பு கரையும். முன்பு ஈறு நோய் இருந்தவர்கள், சரியாகத் துலக்காதவர்கள், தொடர் பரிசோதனைக்கு வராதவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதை 2017-இல் சிகாகோவில் கூடிய உலக நிபுணர் கூட்டம் உறுதி செய்தது.

அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் ஸ்கேலிங், வேர்ச் சுத்தம். சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனை. தேவையானால் ஈறு அறுவை சிகிச்சை. நோய் அடங்கிய பிறகே காலியிடத்துக்குக் கழற்றி மாட்டும் பல் செட்டா, பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜா, இம்பிளாண்டா என்ற பேச்சு. புகைப்பவரும், கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவரும் அவற்றையும் கவனிக்க வேண்டும். எல்லாப் பற்களும் போன கீழ்த்தாடைக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் இம்பிளாண்ட் தேவையில்லை. இரண்டு இம்பிளாண்டுகளின் மேல் பிடித்து நிற்கும் பல் செட்டே முதல் தேர்வாக இருக்கலாம் என்று 2002-இல் மொன்ட்ரியலில் நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். செலவைப் பார்ப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

இதைவிட மலிவான வழியும் சுவீடனிலேயே நிரூபிக்கப்பட்டது. 1972-இல் கார்ல்ஸ்டாட் நகரில் ஆக்ஸெல்சன், லிண்டே என்ற இருவர் நோயாளிகளுக்குச் சரியாகத் துலக்கக் கற்றுக்கொடுத்து, குறித்த இடைவெளியில் வரவழைத்துச் சுத்தம் செய்துவந்தார்கள். 30 ஆண்டுகளில் அவர்கள் இழந்த பற்கள் சராசரியாக இரண்டுக்கும் குறைவு. 45 வயதில் பல்லே இல்லாமல் போன தோட்டத் தொழிலாளியையும் இவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டாம்.

மீண்டும் தோட்டத்துக்கு

2010-இல் ஆய்வாளர்கள் மறுபடியும் அந்தத் தோட்டங்களுக்குப் போனார்கள். 480 பேரில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. 1970-இல் இளைஞர்களாக வாயைத் திறந்து காட்டியவர்கள் இப்போது முதியவர்கள். 40 ஆண்டுக் கணக்கு 2017-இல் வெளியானது. காரையும் புகைப்பழக்கமும் நோயைத் தொடங்கிவைக்கின்றன என்றும், 30 வயதில் ஈறின் பற்று சராசரியாக 1.81 மில்லிமீட்டருக்கும் குறைவாக இழந்திருந்தவர்கள்தான் 60 வயதில் 20 பற்களாவது வைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்றும் அது சொன்னது. முதுமையில் பல் நிற்குமா என்பது பெருமளவு இளமையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது இதன் பொருள்.

உலகின் எந்த மூலையில் பல் மருத்துவம் படிக்கும் மாணவரும் இந்த எண்களைப் படிக்காமல் தேர முடியாது. பிரஷ்ஷும் மருத்துவரும் எட்டாத தூரத்தில் இருந்த மனிதர்கள் தங்கள் பற்களை இழந்து கொடுத்த அறிவு அது. காலையும் இரவும் இரண்டு நிமிடம் பல் துலக்குவது அந்தக் கடனுக்குச் செலுத்தும் சிறு வட்டி. தோட்டத்து லயங்கள் வரை பல் மருத்துவர் போய்ச் சேரும் நாளில்தான் அசல் அடையும்.