கரும்புச் செய்கையும் ஆராய்ச்சியின் அவசியமும்

தைப்பொங்கலன்று முற்றத்தில் நாட்டப்படும் கரும்பும் பெருநாள் தினத்தில் வீடுதோறும் பகிரப்படும் இனிப்புப் பண்டங்களும் எமது மக்களின் வாழ்வோடு ஒன்றித்தவை. உலகில் உற்பத்தியாகும் சீனியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு கரும்பிலிருந்தே பெறப்படுகின்றது. எனினும், கரும்பு நன்கு வளரக்கூடிய மண்ணும் வெயிலும் உள்ள எமது நாட்டில், மொத்தச் சீனித் தேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உள்ளூரில் உற்பத்தி செய்யப்படுகின்றது. எஞ்சியதற்கு அந்நியச் செலாவணியைச் செலவிட வேண்டியுள்ளது. இந்நிலை மாற வேண்டுமாயின் காணியும் நீரும் மட்டும் போதா. கரும்பு பற்றிய விஞ்ஞான ஆராய்ச்சியும் அதன் பயன் விவசாயியின் வயலைச் சென்றடைவதும் இன்றியமையாதவையாகும்.

கரும்பு விதையிட்டுப் பயிரிடப்படுவதில்லை. தண்டைத் துண்டுகளாக்கி, அக்கரணைகளையே நாட்டுகின்றனர். எனவே ஒரே இனம் நாட்டப்பட்ட பிரதேசத்திலுள்ள கரும்புகள் யாவும் மரபியல் ரீதியாக ஒரே தாவரத்தின் பிரதிகளாகும். ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். கரணையினுள் மறைந்திருக்கும் நோயும் அதனோடு அடுத்த வயலுக்குச் செல்லும். கரும்பு ஆராய்ச்சியின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பலவீனத்துக்கு எதிரான போராட்டத்தின் வரலாறே எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜாவாத் தீவின் கரும்புத் தோட்டங்களை 'செரே' என்னும் நோய் அழித்தது. கரும்பின் விதை முளைக்காது என்றே அதுவரை பரவலாக நம்பப்பட்டிருந்தது. 1880களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் இருந்த ஆய்வாளர்கள், அவ்விதை முளைக்கும் என்பதை நிலைநாட்டினர். இதனால் இரு இனங்களைக் கலந்து புதிய இனங்களை உருவாக்கும் வழி திறந்தது.

1912ஆம் ஆண்டில் தமிழகத்தின் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. அங்கு சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், சாறு நிறைந்த தடித்த கரும்பை, ஆற்றங்கரைகளில் நாணல் போல வளரும் காட்டுக்கரும்புடன் கலப்புச் செய்தனர். காட்டுக்கரும்பில் இனிப்புக் குறைவு. ஆயினும் வரட்சியையும் நோயையும் தாங்கும் வலிமை அதற்குண்டு. இக்கலப்பில் பிறந்த 'கோ 205' இனம் 1918இல் வெளியிடப்பட்டு வட இந்தியாவின் கரும்புச் செய்கையை மாற்றியமைத்தது. 1921இல் ஜாவாவில் உருவாக்கப்பட்ட 'பி.ஓ.ஜே. 2878' இனமும் காட்டுக்கரும்பின் இரத்தம் கலந்ததே. பயனற்ற புல்லென ஒதுக்கப்பட்ட தாவரமே சீனித் தொழிலைக் காப்பாற்றியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கரும்பு ஆராய்ச்சி அடிப்படை விஞ்ஞானத்துக்கும் பெரும் பங்களித்துள்ளது. சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதில் கரும்பு ஏனைய பல பயிர்களிலிருந்து வேறுபட்ட, வெப்பவலயத்துக்கு மிகவும் ஏற்ற ஒரு வழியைக் கையாள்கின்றது என்பது 1960களில் ஹவாயிலும் அவுஸ்திரேலியாவிலும் நடைபெற்ற ஆய்வுகளில் வெளியானது. சோளத்திலும் இறுங்கிலும் இதே முறை காணப்படுகின்றது. இன்றைய கரும்பின் உயிரணுவில் நூறுக்கும் மேற்பட்ட நிறமூர்த்தங்கள் உள்ளன. மனிதரிடம் இருப்பவை 46 மாத்திரமே. இச்சிக்கல் காரணமாகவே 'ஆர் 570' என்னும் கரும்பினத்தின் முழுமையான மரபணுத் தொகுதி 2024ஆம் ஆண்டில்தான் வெளியிடப்பட்டது. நோயெதிர்ப்பு மரபணுக்களை இனங்காண்பதற்கு இது பேருதவியாகும்.

கரும்பின் பயன் சீனியோடு முடிவதில்லை. நூறு கிலோ கரும்பை ஆலையில் பிழிந்தால் கிடைக்கும் சீனி சுமார் 10 கிலோ. சக்கையோ சுமார் 30 கிலோ. இச்சக்கையை எரித்து ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பெறலாம். கடதாசியும் உணவுத் தட்டுகளும் செய்யலாம். எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து மதுசாரம் வடிக்கப்படுகின்றது. கால்நடைத் தீவனமும் தயாரிக்கப்படுகின்றது. சாற்றைத் தெளிவாக்கும்போது சேரும் மண்டி சிறந்த பசளையாகும். பிரேசில் 1975ஆம் ஆண்டு தொடக்கம் கரும்பு மதுசாரத்தை வாகன எரிபொருளாகப் பயன்படுத்தும் தேசியத் திட்டத்தைச் செயற்படுத்தியது. ஆகவே கரும்பாலையின் இலாபத்தைச் சீனி விலையைக் கொண்டு மாத்திரம் கணிப்பது சரியாகாது.

இலங்கையில் 1960களில் கந்தளாயிலும் ஹிங்குரானையிலும், 1980களில் பெல்வத்தையிலும் செவனகலவிலும் சீனி ஆலைகள் இயங்கத் தொடங்கின. கந்தளாய், ஹிங்குரானை ஆலைகள் 1990களில் மூடப்பட்டன. ஹிங்குரானை ஆலை 2010களில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. கந்தளாய் ஆலையின் மூடுதலால் தொழிலாளர் மட்டுமன்றி, மூவின மக்களும் வாழும் அப்பிரதேசத்தின் பொருளாதாரமும் பாதிப்புற்றது.

1981ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் உருவாக்கப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையம் உடவளவையில் அமைந்துள்ளது. கோயம்புத்தூரிலிருந்து வந்த 'கோ 775' இனமே பல தசாப்தங்களாக எமது வயல்களில் மேலோங்கியிருந்தது. அதற்கு மாற்றாக 'எஸ்.எல்.' என்னும் எழுத்துக்களைத் தாங்கிய உள்நாட்டு இனங்களை இந்நிலையம் உருவாக்கி வெளியிட்டுள்ளது. ஓர் இனத்தைத் தெரிந்து சோதித்து வெளியிடப் பத்தாண்டுகளுக்கு மேல் செல்லலாம் என்பதை எண்ணும்போது இப்பணியின் பெறுமதி புலனாகும். கரும்பின் இலைகளை வெளிறச் செய்து பயிரை அழிக்கும் வெள்ளை இலை நோயைப் பரப்பும் தத்துப்பூச்சியையும் எமது ஆய்வாளர்கள் அடையாளங் கண்டுள்ளனர். இந்நோய் கரணை மூலமும் பரவுவதால், நோயற்ற நாற்றுமேடையிலிருந்து கரணை பெறுவதும், அதனைச் சுடுநீரில் பரிகரித்து நாட்டுவதும், நோயுற்ற புதர்களை வேரோடு அகற்றுவதுமே முதன்மையான தற்காப்பாகும்.

ஒற்றை இனத்தில் தங்கியிருப்பதன் ஆபத்தை அயல்நாடு அண்மையில் உணர்ந்தது. 2009இல் வெளியான 'கோ 0238' இனம் அதிக விளைச்சலும் சீனிச் சத்தும் தந்தமையால், உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலங்களில் எண்பது வீதத்துக்கும் மேலாகப் பரவியது. பின்னர் செவ்வழுகல் நோய் அதனைத் தாக்கியபோது விவசாயிகள் பெரும் நட்டமடைந்தனர். குறை அந்த இனத்தினுடையதன்று. மாற்று இனங்களுக்கு இடமளிக்காமையே குறையாகும்.

கடன்பட்டுக் கரும்பு நாட்டும் சிறு விவசாயிக்கு ஒரு பருவத் தோல்வியே பல ஆண்டுக் கடனாகிவிடும். எனவே ஒவ்வொரு பிரதேசத்திலும் பல இனங்கள் பயிரிடப்படுவதையும், நோயற்ற விதைக்கரணை நியாய விலையில் கிடைப்பதையும் அரசும் ஆலை நிருவாகங்களும் உறுதி செய்தல் வேண்டும். ஆராய்ச்சி முடிவுகள் விவசாயிகளுக்கு அவர்களது தாய்மொழியில் வழங்கப்படுவதும் அவசியமாகும். ஆய்வுகூடத்தின் அறிவு வயல் வரப்பைத் தாண்டி உட்செல்லும்போதே கரும்பு உழவனுக்கும் இனிக்கும் என்பதே எமது கருத்தாகும்.