இரண்டு சூரிய உதயம் கண்ட விமானம்

இரண்டு விமானத் தளங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் கணக்கில்தான் சிலருடைய உயிரே இருந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்ற பறக்கும் படகுகளை இயக்கியது. பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றில் கிளம்பினால், இலங்கையில் காலி அருகே உள்ள கொக்கல ஏரியில்தான் இறங்க வேண்டும். தூரம் சுமார் 5,650 கி.மீ.

கேட்டலினாவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கி.மீ. வகுத்துப் பார்த்தால் 28 மணி நேரம். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும். அதனால் எடையெல்லாம் எரிபொருளுக்கே போனது. மிச்சம் 3 பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான். எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதால் வானொலியில் பேசவில்லை. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள்.

ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது! பறக்கும்போதே இரண்டு முறை பொழுது விடிந்ததால் 'இரட்டைச் சூரிய உதயம்' என்று இந்தச் சேவைக்குப் பெயர் வந்தது. 1945 வரை கேட்டலினாக்கள் 271 முறை கடலைக் கடந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு இதே தூரம் ஆறேகால் மணி நேரம்தான். அதற்கே அலுத்துக்கொள்பவர்கள் அந்த மூன்று பயணிகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.